தத்துவக் கேள்விக்கு ஒரு சிறிய மொழி மாதிரி: பழக்கி எடுப்பதா, நூலைக் கையில் கொடுப்பதா?

எங்கள் வாசகர் வட்டம் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரில் ஒரு கடையின் மேல்மாடி. பாய் விரித்து உட்காருவோம். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வரும் சைவ சித்தாந்த வகுப்பு ஐயா ஒருவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நாங்கள் மூன்று பேர். மற்றவர்கள் மாணவர்கள்.

தத்துவக் கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்லும் ஒரு சிறிய மொழி மாதிரியை (சாட்ஜிபிடி போலக் கேள்விக்கு உரையாகப் பதில் எழுதும் கணினி நிரலை) உருவாக்கும் எங்கள் முயற்சி, சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவி கேட்ட கேள்வியில் தொடங்கியது. இங்கே பல்கலைக்கழகத்தில் 'ஃபல்சாஃபா டான் இசு செமாசா' என்று ஒரு பொதுப்பாடம் உண்டு. மெய்யியலும் நடப்புச் சிக்கல்களும் சேர்ந்த பாடம், மலாயில் நடக்கும். "ஸ்லைடுல 'கெஹென்டாக் பேபாஸ்'னு வருது அண்ணா. நம்ம ஊழ்னு சொல்றது அதுக்கு நேர் எதிரா, இல்ல ரெண்டும் சேர்ந்து இருக்க முடியுமா?" என்று கேட்டாள். கெஹென்டாக் பேபாஸ் என்றால் மனிதன் தானே தேர்ந்து செயல்படும் சுதந்திர விருப்பம்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் அதிலேயே போனது. ஊழை விட வலியது எது, அதை விலக்க நாம் வேறு வழி தேடினாலும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்கிறது 380ஆம் குறள். சோர்வில்லாமல் முயல்கிறவர் ஊழையும் புறங்காட்டி ஓடச் செய்வார் என்கிறது 620ஆம் குறள். ஒரே நூல், இரண்டு அதிகாரம். இதில் முரண் இல்லை என்றார் டீச்சர்: முதலாவது உலகம் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியது, இரண்டாவது ஒருவன் எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றியது. ஐயா ஒப்பவில்லை. வினை சடம், அது தானாகச் செய்தவனைத் தேடி வராது, கூட்டுவிப்பவன் ஒருவன் வேண்டும், அந்த இடத்தைத் தொடாமல் ஊழைப் பேசினால் பாதிப் பேச்சுதான் என்றார். மாணவி இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

அந்த ஒரு மணி நேரத்தைப் போன்ற ஒன்று, இரவு பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து எழுதும் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். எங்கள் ஆசை அவ்வளவுதான். கைப்பேசியிலேயே பெரிய நிறுவனங்களின் சேவைகள் இருக்கும்போது சிறியது எதற்கு என்று எங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டோம். மூன்று காரணம் சொன்னோம். தவறு கண்டால் நாமே திருத்தும்படி அது நம் கையில் இருக்க வேண்டும். மாதச் சந்தா கட்டாமல் சாதாரண மடிக்கணினியில் ஓட வேண்டும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது: கடவுள் உண்டா, செத்தபின் என்ன, நான் ஏன் இந்தக் குடும்பத்தில் பிறந்தேன் என்றெல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள். வீட்டில் கேட்க முடியாத அந்தக் கேள்விகள் வேறு எவருடைய சர்வருக்கும் போகக் கூடாது.

சிறியது என்று நான் சொல்வது 1,000 கோடி அளவுருக்களுக்கு உட்பட்ட மாதிரிகளை. அளவுரு என்பது பயிற்சியில் மாதிரி கற்றதைத் தாங்கி நிற்கும் எண். அவற்றை எப்படி நமக்கு ஏற்றதாக்குவது என்பதில்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் பார்த்த வழிகளையும், எதை ஏன் தள்ளினோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். இதே எண்ணத்தில் கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ யாராவது இருந்தால் எங்களுக்கு ஆன மாதங்கள் அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

முதலில் தள்ள வேண்டியவை

இருக்கிற மாதிரியை அப்படியே எடுத்து, 'நீ ஒரு தத்துவ ஆசிரியர், இரு பக்கமும் சொல்' என்று முன்குறிப்பு மட்டும் கொடுத்து ஓட்டுவது ஒரு வழி. ஒரு மாலையில் முடிந்துவிடும், செலவில்லை. பிளேட்டோ, டேக்கார்ட், காண்ட் பற்றிய பொதுக் கேள்விகளுக்கு ஓரளவு தாங்கும். நம் நூல்களுக்கு வந்ததும் சரிந்துவிடுகிறது. ஆனாலும் இதை முதலில் செய்து பார்த்துவிட வேண்டும். மற்ற வழிகள் எவ்வளவு முன்னேற்றம் தந்தன என்று அளக்க இதுதான் ஒப்பிடும் அடிப்படை.

இன்னொரு கோடியில், மாதிரியின் எல்லா அளவுருக்களையும் திருத்தி முழுதாகப் பயிற்றுவது. வழக்கமான முறையில் ஒவ்வோர் அளவுருவுக்கும் ஏறத்தாழ 16 பைட் நினைவகம் வேண்டும். 900 கோடிக்கு 144 ஜிபி. 80 ஜிபி நினைவகம் கொண்ட பெரிய ஜிபியு (மாதிரிகளைப் பழக்கப் பயன்படும் கணிப்புச் சில்லு) ஒன்றிலும் அடங்காது. தமிழ்த் தத்துவ உரைகளை மட்டும் கோடிக்கணக்கான சொல்லளவில் ஊட்டித் தொடர்பயிற்சி தரலாமே என்று ஒரு தம்பி கேட்டார். அந்த அளவுக்குத் தட்டச்சான உரை நம்மிடம் இல்லை; இருப்பதையே திரும்பத் திரும்ப ஊட்டினால் மாதிரி ஏற்கெனவே அறிந்ததை மறக்கத் தொடங்கும். வாசகர் வட்டம் எடுக்கும் வேலை அல்ல இது.

ஆக மிஞ்சியவை இரண்டு. நூலைத் தேடி எடுத்து மாதிரியின் முன்னால் வைத்துப் பதில் சொல்லச் சொல்வது ஒன்று. ராக் என்கிறார்கள், 2020இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் முன்வைத்த முறை. மற்றது லோரா என்ற சிக்கனமான ஃபைன்-டியூனிங், அதாவது ஏற்கெனவே பயின்ற மாதிரியை எடுத்துக்காட்டுகளால் மேலும் பழக்குவது. மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2021இல் கொண்டுவந்தது. மூல அளவுருக்களைத் தொடாமல் பூட்டிவிட்டு, பக்கத்தில் இரண்டு சிறிய எண் அட்டவணைகளைச் சேர்த்து அவற்றை மட்டும் பழக்குவது. 2023இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கியூலோரா மூல மாதிரியின் எண்களை 4 பிட்டாகச் சுருக்கி வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம் என்று காட்டியது. 900 கோடி மாதிரி அப்படிச் செய்தால் 16 ஜிபி ஜிபியுவில் நெருக்கியடித்து அடங்குகிறது. கூகுள் கோலாப் இணையச் சேவையில் இலவசமாகக் கிடைக்கும் டி4 ஜிபியு அந்த அளவுதான். பழக்கி முடித்தபின் கையில் இருப்பது சுமார் நூறு மெகாபைட் கோப்பு. பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம்.

எங்கள் முதல் முயற்சி

கணினிக்காரர்களான நாங்கள் மூவரும் இரண்டாவதற்குத்தான் தாவினோம். ஒரு பெரிய மாதிரியைக் கொண்டு ஏறத்தாழ 2,000 கேள்வி-பதில்களைத் தமிழில் உருவாக்கி, ஒரு சிறிய மாதிரியைப் பழக்கினோம். மூன்று இரவு. முதல் பார்வைக்கு அழகாக இருந்தது. சரளமான தமிழ், பத்தி பிரித்த பதில், எடுத்த எடுப்பில் ஒரு வரையறை.

ஐயா வந்து ஒரே ஒரு கேள்வி தட்டச்சச் சொன்னார்: "சிவஞானபோதத்தின் 15ஆம் சூத்திரம் என்ன சொல்கிறது?" அந்தச் சைவ சித்தாந்த நூலில் மெய்கண்டார் செய்தவை 12 சூத்திரங்கள். எங்கள் மாதிரி 15ஆம் சூத்திரத்துக்கு விளக்கம் சொன்னது. முத்தி நிலையில் உயிர் சிவத்தோடு கலப்பதைப் பற்றியது என்று, ஒரு மேற்கோளையும் கட்டிச் சேர்த்து, சற்றும் தயங்காமல். பழக்குவதற்கு முன் அந்த மொழி மாதிரியே அதே கேள்விக்கு, மோசமான தமிழில்தான் என்றாலும், தனக்கு உறுதியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தது. அந்தத் தயக்கத்தை நாங்கள்தான் அழித்திருந்தோம்.

பிறகு படித்தபோது காரணம் விளங்கியது. மாதிரிக்கு ஏற்கெனவே தெரியாத செய்திகளை ஃபைன்-டியூனிங்கில் ஊட்டினால் அவற்றை அது மெதுவாகவே கற்கிறது, கற்றபின் இட்டுக்கட்டும் போக்கு கூடுகிறது என்று 2024இல் வந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. நாம் கற்றுக்கொடுத்ததாக நினைப்பது சிவஞானபோதம். அது கற்றுக்கொண்டது, தெரியாத ஒன்றைக் கேட்டாலும் தெரிந்த குரலில் பேச வேண்டும் என்பதை. 2,000 எடுத்துக்காட்டிலும் ஒன்றில்கூட 'தெரியாது' என்ற பதில் இல்லை. வேறு எதை அது கற்றிருக்கும்?

நூலைக் கையில் கொடுத்தால்

அடுத்து ராக். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்களின் உழைப்பால் திரட்டி வைத்திருக்கும் மின்னூல்கள் இல்லாவிட்டால் இந்த யோசனையே எங்களுக்கு வந்திருக்காது. குறள், மணிமேகலை, மெய்கண்ட சாத்திரங்கள் எல்லாம் அங்கே உண்டு. மேற்கத்திய மூலங்களுக்குக் குட்டன்பர்க் திட்டத்தில் பிளேட்டோவின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள். ஸ்டான்ஃபோர்டின் மெய்யியல் கலைக்களஞ்சியம் படிக்க இலவசம். ஆனால் பதிப்புரிமை உள்ளது, அள்ளிக்கொண்டு வந்து நம் தொகுப்பில் போட முடியாது. உரை நூல்களில் கவனம் வேண்டும்: மலேசியாவில் ஆசிரியர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை, இந்தியாவில் 60. பரிமேலழகர் போன்ற பழைய உரையாசிரியர்களிடம் அந்தச் சிக்கல் இல்லை.

ராக் செய்ததும் 15ஆம் சூத்திரம் காணாமல் போனது. தொகுப்பில் அப்படி ஒன்று இல்லை, மாதிரி அதைச் சொன்னது. மேற்கோள் எண்ணோடு பதில் வந்ததால் டீச்சர் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க முடிந்தது. ஒரு நூலில் தவறு இருந்தால் அந்த வரியைத் திருத்தினால் போதும்; மறுபடி பழக்க வேண்டியதில்லை. செய்தியளவில் பார்த்தால் போட்டியே கிடையாது, ராக்தான்.

ஆனால் தமிழில் தேடுவதே ஒரு தனி வேலை. மாணவி 'விதி' என்று கேட்பாள்; பாட்டில் 'ஊழிற்', 'ஊழையும்' என்று புணர்ந்து கிடக்கும். சொல் பொருத்தித் தேடினால் கிடைக்காது. பொருள் பார்த்துத் தேடும் பன்மொழி முறைகளும் தற்காலக் கேள்வியையும் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சூத்திரத்தையும் அருகருகே கொண்டுவரத் தடுமாறுகின்றன. நாங்கள் கண்ட வழி, செய்யுளைத் தேடாமல் உரைநடை விளக்கத்தைத் தேடுவது; செய்யுளை அதன் பின்னால் கட்டி வைப்பது. உரிமைச் சிக்கல் இல்லாத எளிய உரைநடை இல்லாத இடங்களில் டீச்சர் தாமே நான்கைந்து வரி எழுதிச் சேர்த்தார். தேடல் அதற்குப் பிறகுதான் உருப்படியானது.

அடுத்த சிக்கலைத் தொழில்நுட்பத்தால் தீர்க்க முடியவில்லை. தத்துவத் தமிழின் சொற்கள் அன்றாடச் சொற்களின் உடுப்பிலேயே வருகின்றன. அறம், பொருள், இன்பம், வீடு என்பதில் வீடு விடுதலை. மாதிரியிடம் 'வீடு அடைவது எப்படி' என்று கேட்டபோது சேமிப்பும் வங்கிக் கடனும் பேசியது. 'காட்சி' என்பது அளவையியலில், அதாவது அறிவு பெறும் வழிகளைப் பேசும் இயலில், புலன்வழி அறிவு. மாதிரிக்கு அது சினிமாக் காட்சி. 'கருதல்' அனுமானம், மாதிரிக்கு வெறுமனே நினைப்பது. 'உரை' நம்பத்தக்க சான்றோர் வாக்கு, மாதிரிக்குச் சொற்பொழிவு. பக்கத்தைச் சரியாகத் தேடி எடுத்துக் கொடுத்த பிறகும், படிக்கிறவனுக்குச் சொல் புரியாவிட்டால் பக்கத்தால் என்ன பயன்?

இதிலும் ஆழமான குழி மாயை. அத்வைதத்தில் மாயை உள்ளதென்றும் இல்லதென்றும் சொல்ல முடியாதது. சைவ சித்தாந்தத்தில் மாயை உள்பொருள். உலகம் அதிலிருந்து தோன்றுகிறது, குடத்துக்கு மண் போல. எழுத்து ஒன்றே, கொள்கை எதிரும் புதிரும். எங்கள் சிறிய மாதிரி சித்தாந்தப் பக்கத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டும் 'மாயை என்பது பொய்த்தோற்றம்' என்று தொடங்கியது. அது வளர்ந்த இணையத்தில் அந்தப் பொருள்தான் பெருவழக்கு. நூல் ஒரு பக்கம் இழுக்கிறது, பழக்கம் மறுபக்கம் இழுக்கிறது, பழக்கம் வெல்கிறது. ஐயா அன்று மனம் நொந்துபோனார். "தம்பி, இத நம்ம பிள்ளைங்க கையில குடுத்தா, நாளைக்கு இதுதான் சித்தாந்தம்னு நம்பிடும்" என்றார். ஃபெர்ரிக்கு நேரமாகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

ராக் மட்டும் போதும் என்ற எண்ணத்தை நான் விட்டது அந்த மாலைதான்.

பழக்குவது எதற்கு என்று மறுபடி யோசித்தபோது

லோராவைத் தவறான வேலைக்கு வைத்திருந்தோம். செய்தி கற்பிக்க அது ஏற்றதல்ல. நடக்கும் முறையைக் கற்பிக்க ஏற்றது. தத்துவக் கேள்விக்குப் பதில் சொல்வதில் பெரும்பங்கு முறைதான்: இந்தச் சொல்லை எந்தப் பொருளில் கேட்கிறாய் என்று பிரிப்பது, இது யாருடைய கொள்கை என்று பெயர் சொல்வது, எதிர்க்கருத்தை அதன் வலுவான வடிவில் வைப்பது, கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பொய்யான முன்முடிவைச் சுட்டுவது, தெரியாத இடத்தில் நிற்பது. இவை ஒவ்வொன்றும் பழக்கம். பழக்கத்தை எடுத்துக்காட்டால் மாற்றலாம்.

எத்தனை எடுத்துக்காட்டு வேண்டும்? 2023இல் மெட்டா ஆய்வாளர்கள் லீமா என்ற ஆய்வில் கவனமாகத் தேர்ந்த 1,000 எடுத்துக்காட்டுகளை மட்டும் வைத்து 6,500 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியை நல்ல உரையாடலுக்குப் பழக்கிக் காட்டினார்கள். நம்முடையது அதைவிடப் பலமடங்கு சிறியது, தமிழில் பலவீனமானது. அதே பலன் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிக்கையை விடத் தரம் முக்கியம் என்ற திசை எங்கள் அனுபவத்தோடு பொருந்துகிறது.

எழுதும் வடிவத்துக்கு நாங்கள் வெளியே போகவில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் அவள் வஞ்சியில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய், உன் கொள்கையைச் சொல் என்று கேட்கிறாள். அளவைவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதி, பூதவாதி எல்லாரும் தத்தம் சொல்லிலேயே பேசுகிறார்கள். அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதன் தொடங்கி ஒவ்வொரு மாற்றார் மதமும் முதலில் கூறப்படுகிறது, பிறகே மறுப்பு வருகிறது. இந்தக் கட்டமைப்பை ஐயா எடுத்துச் சொன்னபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பயிற்சித் தரவு எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் இரவிரவாகத் தேடிக்கொண்டிருந்தது, நூற்றாண்டுகளாக நம் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது.

மெய்யியலாளர் ஒருவரைப் போலவே பேசும்படி மாதிரியைப் பழக்கினால் என்ன என்ற யோசனையும் வந்தது. மெய்கண்டார் போல, வள்ளுவர் போல. இதை ஏற்கெனவே ஒருவரை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். 2022இல் எரிக் ஷ்விட்ஸ்கெபெல், அன்னா ஸ்ட்ராசர், மேத்யூ கிராஸ்பி மூவரும் அமெரிக்க மெய்யியலாளர் டேனியல் டெனெட்டின் எழுத்துகளில் ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியைப் பழக்கி, டெனெட்டிடமும் அதனிடமும் அதே பத்துக் கேள்விகளைக் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பதில். ஒன்று டெனெட் எழுதியது, நான்கு இயந்திரம் எழுதியது. டெனெட்டின் எழுத்தை நன்கறிந்த 25 வல்லுநர்கள் சரியாகக் கண்டுபிடித்தது சராசரியாகப் பாதி அளவு, 51 விழுக்காடு. தற்செயலை விட மேல்தான். ஆனால் பாதித் தடவை வல்லுநர்களே ஏமாந்தார்கள். இதைச் சாதனையாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது எச்சரிக்கையாகவே படுகிறது. டெனெட்டை அறிந்தவர்களுக்கே பாதித் தடவை பிரித்தறிய முடியவில்லை என்றால், நடை ஒத்திருக்கிறது என்பதால் கருத்தும் அவருடையது என்று பதினெட்டு வயதுப் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்? அந்த ஆய்விலாவது டெனெட் உயிரோடு இருந்தார், தம் பதிலைத் தாமே சொல்ல முடிந்தது. மெய்கண்டார் வந்து மறுக்கப் போவதில்லை. அந்த வழியை முற்றாக விட்டோம். எங்கள் மாதிரி எவர் குரலிலும் பேசாது. இன்னார் இப்படிச் சொல்கிறார் என்றே பேசும்.

எந்த மூல மாதிரி

இதில் நீண்ட விவாதம் தேவைப்படவில்லை. தமிழ் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதே முதல் சல்லடை. மெட்டாவின் லாமா 3.2இன் சிறிய மாதிரிகளுக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட எட்டு மொழிகளில் இந்தி உண்டு, தாய்லாந்து மொழி உண்டு, தமிழ் இல்லை. கூகுளின் ஜெம்மா 3இல் 100 கோடி அளவுள்ள சிறியது ஆங்கிலத்துக்கானது. 400 கோடி முதல் மேலே 140க்கு மேற்பட்ட மொழிகள். ஏஐ சிங்கப்பூரின் சீ-லயன் மூன்றாம் பதிப்பில் ஜெம்மா 2 அடிப்படையிலான 900 கோடி மாதிரி ஒன்று உண்டு. தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழையும் சேர்த்துத் தொடர்பயிற்சி பெற்றது. மலாயும் உள்ளே இருக்கிறது, எங்கள் மாணவர்களுக்கு அது கூடுதல் வசதி.

டோக்கன் கணக்கையும் பார்க்க வேண்டும். டோக்கன் என்பது மாதிரி உரையை வெட்டிப் படிக்கும் துண்டு. 'தத்துவம்' என்ற சொல் யூனிகோடில் 8 குறிகள், யுடிஎஃப்-8இல் 24 பைட். தமிழ் அறியாத டோக்கன் அகராதி இதைத் துண்டு துண்டாக வெட்டும். லாமா 2இன் அகராதியில் 32,000 துண்டுகள். ஜெம்மா 2இன் அகராதியில் 2,56,000. அகராதி பெரிதானால் தமிழ்ச் சொல் அதிகம் சிதையாமல் நிற்க வாய்ப்பு கூடும், அதே நினைவகத்தில் அதிக உரை அடங்கும். ராக் செய்கிறவருக்கு இது முக்கியம்: ஜெம்மா 2 வழிவந்தவற்றின் சூழல் எல்லை, அதாவது ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உரையின் அளவு, 8,192 டோக்கன்; கேள்வி, நான்கைந்து மேற்கோள், பதில் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். ஜெம்மா 3இன் 400 கோடி மாதிரிக்கு எல்லை 1,28,000. இடம் முக்கியமென்றால் அது, தமிழ் முக்கியமென்றால் சீ-லயன். நாங்கள் சீ-லயனை எடுத்தோம், மேற்கோளை மூன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

அளந்து பார்ப்பது

விடைத்தாள் இல்லாத பாடத்தில் எது மேல் என்று எப்படிச் சொல்வது? 40 கேள்விகள் தயாரித்தோம். சில கண்ணிகள்: 15ஆம் சூத்திரம், 1,331ஆம் குறள், காண்ட் ஹ்யூமை நேரில் சந்தித்தபோது என்ன பேசினார். சந்திப்பே நடக்கவில்லை என்று சொன்னால்தான் மதிப்பெண். சில இருபக்கக் கேள்விகள்: ஊழும் முயற்சியும், ஐவரைக் காக்க ஒருவரைச் சாகவிடலாமா என்று பிலிப்பா ஃபுட் 1967இல் முன்வைத்த டிராம் வண்டிக் கேள்வி, உலகம் படைக்கப்பட்டதா. மூன்றாவது வகையை டீச்சர் வற்புறுத்திச் சேர்த்தார். "எங்க அம்மா போன மாசம் தவறிட்டாங்க. ஆன்மா உண்டா?" இதற்கு நான்கு தரிசனங்களை, அதாவது தத்துவப் பிரிவுகளை, வரிசையாக ஒப்பித்தால் அது பதிலே இல்லை என்றார் டீச்சர். முதலில் ஒரு வாக்கியம் அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பேச வேண்டும். தரவு தொகுக்கும் எவரும் இந்த வகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் மூவர் மட்டும் இருந்திருந்தால் இது எங்களுக்குத் தோன்றியிருக்காது.

பதில்களை எந்த மாதிரியுடையது என்று குறிக்காமல் அச்செடுத்து, இரண்டிரண்டாகக் கொடுத்து, எது மேல் என்று டீச்சரையும் ஐயாவையும் தனித்தனியே குறிக்கச் சொன்னோம். இருவரும் மாறுபட்ட இடங்களைச் சராசரி எடுக்கவில்லை; அவற்றை ஒதுக்கி வைத்து உட்கார்ந்து பேசினோம்.

எங்கள் முடிவு

பாடக் குறிப்பும் மேற்கோளும் தேவை என்ற அளவில் உங்கள் நோக்கம் இருந்தால் ராக் போதும். ஃபைன்-டியூனிங் பக்கமே போக வேண்டாம். நூல் தொகுப்பைச் சுத்தமாக வைப்பதிலேயே உங்கள் நேரம் முழுவதையும் செலவிடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் செய்கிறவருக்கு இது இன்னும் பொருந்தும், அவருக்கு மாயைச் சிக்கல் அவ்வளவு கிடையாது.

எங்கள் நோக்கம் அதைவிட அகலம். அதனால் இரண்டையும் சேர்த்தோம், ஆனால் வரிசை முக்கியம். ராக் முதலில். அதை ஓட்டிப் பார்த்து எந்தெந்த இடத்தில் பழக்கம் நூலை வெல்கிறதோ அந்த இடங்களுக்கு மட்டும் எடுத்துக்காட்டு எழுதுவது. ஒவ்வோர் எடுத்துக்காட்டிலும் தேடி எடுத்த பக்கமும் சேர்ந்தே இருக்கும். மாதிரி கற்க வேண்டியது பக்கத்தைப் படித்து அதன்படி பேசுவது. ஐந்தில் ஒன்றாவது 'இந்தப் பக்கங்களில் இதற்கு விடை இல்லை' என்று முடிய வேண்டும் என்று எங்களுக்குள் விதி வைத்துக்கொண்டோம். இயந்திரம் உருவாக்கிய 2,000ஐயும் அழித்துவிட்டோம். அவற்றின் தமிழ் இலக்கணப்படி சரிதான். ஆனால் எல்லாப் பதிலும் ஒரே அச்சில் வார்த்தது போல முடிந்தது, எந்தப் பக்கமும் சாயாமல், எதையும் பிரித்தறியாமல். தவிர, தங்கள் மாதிரியின் வெளியீட்டைக் கொண்டு போட்டி மாதிரி பழக்கக் கூடாது என்று சில நிறுவனங்களின் விதிமுறை சொல்கிறது. தரவு எடுக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

இந்த வழியின் விலை பணத்தில் இல்லை, ஆள் நேரத்தில் இருக்கிறது. நன்றாக எழுதிய ஒரு பதிலுக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. இலக்கு 300. இப்போது 70 தாண்டியிருக்கிறோம். முதல் 50ஐ வைத்துப் பழக்கிப் பார்த்ததில் மாயைக் கேள்விக்கு, 'எந்தத் தரிசனத்தில் கேட்கிறீர்கள்' என்று மாதிரி முதன்முறையாகத் திருப்பிக் கேட்டது. ஐயா அந்த வரியை இரண்டு முறை படித்தார். 'காட்சி' இன்னும் சில நேரம் சினிமாவுக்குப் போய்விடுகிறது. அதற்குத் தனியாகப் பத்து எடுத்துக்காட்டு எழுத வேண்டும்.

ஊழும் கெஹென்டாக் பேபாஸும் பற்றிய எடுத்துக்காட்டை அந்த மாணவியையே எழுதச் சொல்லியிருக்கிறோம். டீச்சரின் கட்சியை ஒரு பத்தியாகவும் ஐயாவின் கட்சியை ஒரு பத்தியாகவும் எழுதி அனுப்பிவிட்டாள். இரண்டும் எங்கே பிரிகின்றன என்று சொல்லும் மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு வரும்போது கொண்டுவருவதாகச் சொன்னாள்.